கடன்பட்ட உழவரின் வழக்கறிஞர்: சர் சோட்டு ராம்

திருவள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்து நல்குரவை வைத்தார். உலகுக்கு உணவளிப்பவன் வாழ்வைச் சொன்ன கையோடு வறுமையைச் சொல்லும் இவ்வைப்புமுறை சிந்தனைக்குரியது. இவ்விரண்டுக்கும் இடையே எழுதப்படாத ஓர் அதிகாரம் உண்டு எனலாம். அதன் பெயர் கடன். அந்த அதிகாரத்தைச் சட்ட ஏட்டில் எழுத முயன்றவர் பஞ்சாபின் சர் சோட்டு ராம்.

ரோத்தக் மாவட்டத்து சாம்ப்லாவை அடுத்த கடி என்னும் சிற்றூரில், 1881 நவம்பர் 24 அன்று, எளிய ஜாட் உழவர் குடியில் அவர் பிறந்தார். இயற்பெயர் ராம் ரிச்பால். வீட்டின் கடைக்குட்டி ஆதலின் சோட்டு என அழைக்கப்பட்டார். அச்செல்லப்பெயரே வரலாற்றில் நின்றுவிட்டது. மகனின் படிப்புக்குக் கடன் கேட்கச் சென்ற தந்தையை, வட்டிக்கடைக்காரர் தமக்குப் பங்கா இழுக்கப் பணித்தார் என்றும், அருகில் நின்ற சிறுவன் சினந்தான் என்றும் அவர் வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிப்பிடுவர். பின்னாளில் அவரது கல்விக்கு உதவியவரும் ஒரு வணிகரே. கல்கத்தாவில் பெரும்பொருள் ஈட்டிய சேட் சாஜு ராம். ஆதலின் அவர் பகை வணிகர் குலத்தின்மீது எழுந்ததன்று. உழவனை மீளவிடாத கணக்குமுறையின்மீது எழுந்தது என்று கொள்வதே பொருந்தும்.

தில்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் 1905-இல் பட்டம் பெற்றார். ஆக்ராவில் சட்டம் பயின்று, 1912 முதல் ரோத்தக்கில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1916-இல் 'ஜாட் கெஜட்' என்னும் உருது வார இதழைத் தொடங்கினார். அவ்வாண்டு முதல் ரோத்தக் மாவட்டக் காங்கிரசுக்குத் தலைவராகவும் இருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காது 1920-இல் காங்கிரசைவிட்டு விலகினார். வரி மறுத்தால் நிலம் பறிபோகும். நிலம் போனால் உழவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை என்பது அவர் அச்சம். அவ்விலகலைக் குறை கூறியோர் பலர். 1937-இல் பெற்ற சர் பட்டம் அக்குறையை மேலும் வளர்த்தது.

1923-இல் பஸ்லி உசேனுடன் இணைந்து யூனியனிஸ்ட் கட்சியை உருவாக்கினார். இந்து, முஸ்லிம், சீக்கிய உழவர் ஒரே அணியில் நின்ற கட்சி அது. ஒரு சொல்லை இங்கே விளக்குதல் வேண்டும். ஜமீன்தார் என்றால் தமிழர்க்கு அரண்மனையும் பல்லக்கும் நினைவில் எழும். பஞ்சாபிலோ சில ஏக்கர் நிலத்தைத் தானே உழுபவனும் ஜமீன்தாரே. சோட்டு ராம் தம் இதழில் 'பேசாரா ஜமீன்தார்' எனத் தொடர் எழுதியபோது, இரங்கத்தக்க அந்தச் சிறு உழவனையே கருதினார்.

1924 முதல் 1926 வரை வேளாண் அமைச்சராகவும், 1937 முதல் வளர்ச்சித்துறை அமைச்சராகவும், பின்னர் வருவாய்த்துறை அமைச்சராகவும் பணியாற்றினார். அவர் சட்டமன்றத்தில் உழைத்த காலத்துச் சட்டங்களை வரிசைப்படுத்தி நோக்கினால், உழவனின் துன்பம் படிப்படியாக விளங்கும். கடன் கொடுப்போர் முறையாகக் கணக்கு வைத்துக் கடனாளிக்கு அனுப்ப வேண்டும் என்றது 1930-ஆம் ஆண்டுச் சட்டம். முதலைப்போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்தது என்னும் நெறியையும், இணக்க வாரியங்களையும் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்தது. வீடும் உழுமாடும் கருவியும் ஜப்திக்கு உட்படாமல் காக்கும் விதிகளும் அப்பத்தாண்டில் இயற்றப்பட்டன. 1938-இல் உரிமம் பெறாத வட்டிக்காரர் நீதிமன்றம் ஏறும் வழி அடைபட்டது. 1901 ஜூன் 8-க்கு முன் அடமானம் போன நிலங்கள் உரியவருக்கு மீளவும் அவ்வாண்டே வழி பிறந்தது. அதே 1938-இல் நம் சென்னை மாகாணத்திலும் இராஜாஜி அரசு உழவர் கடன் நிவாரணச் சட்டம் இயற்றியது ஒப்புநோக்கத்தக்கது.

கடனிலிருந்து மீண்டவன் மண்டியில் மீண்டும் வீழ்வான் என்பதையும் அவர் அறிந்திருந்தார். தரகு, எடைக்கூலி, மகமை எனப் பல பெயரில் விளைச்சலின் விலை அங்கே கரைந்தது. 1939-ஆம் ஆண்டு விளைபொருள் சந்தைச் சட்டம் சந்தைக் குழுக்களில் விளைவிப்போருக்குப் பெரும்பான்மை இடம் அளித்தது. இச்சட்டங்களை உழவர் பொற்சட்டங்கள் என்றனர். எதிர்த்தோர் கருஞ்சட்டங்கள் என்றனர்.

புகழுரையோடு நிறுத்துவது வரலாற்றுக்கு நீதியாகாது. 1900-ஆம் ஆண்டு நில உரிமை மாற்றச் சட்டம் வேளாண் குலங்கள் எனச் சிலவற்றைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் இடம்பெறாத கூலியாட்களும் தாழ்த்தப்பட்டோரும் அவர்களிடமிருந்து நிலம் வாங்க இயலாது. அச்சுவரை அவர் இடிக்கவில்லை; உழவனுக்கு அரண் என்று காத்தார். பெருநிலக்கிழார் பலர் அவர் கட்சியின் தூண்களாயிருந்தனர். உழவன் என்னும் சொல்லுக்குள் யார் அடங்குவர், யார் விடுபடுவர் என்ற வினா அன்று விடையின்றி நின்றது.

வறண்ட ரோத்தக், இசார் பகுதிகளுக்குச் சத்லஜ் நீர் வரவேண்டும் என்பது அவர் நெடுநாள் வேட்கை. பக்ரா அணைக்காகப் பிலாஸ்பூர் அரசருடன் 1944 நவம்பரில் உடன்பாடு எட்டினார். 1945 சனவரி 9 அன்று லாகூரில் மறைந்தார். அணை 1963-இல்தான் நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. அதற்குள் பஞ்சாபே இரண்டாகியிருந்தது. மதத்தால் பிரியாத உழவர் அணி 1946 தேர்தலில் சிதைந்தது. 1947-இல் இலட்சக்கணக்கான உழவர் நிலத்தைவிட்டு எல்லை கடந்தனர். வட்டிக்காரரிடமிருந்து மீண்ட வயலைக் கலவரத்தில் இழந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அடமானத்தை மீட்கச் சட்டம் இருந்தது. இவ்விழப்பை மீட்க எச்சட்டமும் இல்லை.

ஆயினும் அவர் பணி முற்றும் அழிந்துவிடவில்லை. 2020-இல் தில்லி எல்லையில் திரண்ட பஞ்சாப், அரியானா உழவர் காக்க விரும்பியவற்றுள், 1939-இல் வேரூன்றிய அந்தச் சந்தைமுறையும் ஒன்று. அவர்கள் எதிர்த்த மூன்று சட்டங்களும் 2021-இல் திரும்பப் பெறப்பட்டன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் ஏரைப் பாடாத கவிஞர் இல்லை. சோட்டு ராம் ஏரைப் புகழ்ந்ததைவிட, ஏரோட்டியின் கடன்பத்திரத்தை வரிவரியாகப் படித்தவர். உழவன் வாய்திறந்து பேசக் கற்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர். உழவரைப் பாடும் நாம் அப்பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிட்டுப் பாடினால், நம் பாட்டில் நல்குரவும் தன் பெயரோடு இடம்பெறும்.