சீலிங் பூச்சு உதிருதா? காரைக்குடி அழகப்பரைத் தெரிஞ்சுக்கோங்க!

பம்மல், அனகாபுத்தூர் பக்கம் பழைய ஃப்ளாட் பார்க்கப் போனால், சீலிங்கில் பழுப்புக் கறையும் நீளமான விரிசலும் கண்ணில் படலாம். பெயின்ட் அடிச்சுத் தர்றோம்னு ஓனர் சொல்வார். ஆனா பிரச்சினை உள்ளே இருக்கும் கம்பியில். துரு, அது தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளேயிருந்து பிளக்கும். பெயின்ட் அதை மறைக்கும், நிறுத்தாது.

உடைக்காமலே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஏன்னா துருப்பிடிக்கிற கம்பி ஒரு குட்டி பேட்டரி மாதிரி. ஒரு இடம் கரையும், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு மின்சாரம் ஓடும். இது மின்வேதியியல். இந்தத் துறைக்கான தேசிய ஆய்வகம் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, காரைக்குடியில் இருக்கிறது. காரணம், அழகப்ப செட்டியார்.

1909 ஏப்ரல் 6-ல், காரைக்குடி பக்கத்து கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, அங்கேயே விமானம் ஓட்டவும் பயிற்சி. திரும்பி வந்து துணி ஆலை, இன்சூரன்ஸ், ஜூபிடர் ஏர்வேஸ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு தந்த ‘சர்’ பட்டத்தை, சுதந்திரம் வந்ததும் துறந்தார்.

சம்பாதித்ததைவிட கொடுத்த கதைதான் சுவாரஸ்யம். கிண்டியில் ஏ.சி. டெக் அவர் பணத்தில் வந்தது. 1947 ஜூலையில், சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரி தொடங்க செல்வந்தர்கள் முன்வரணும்னு துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் கேட்டார். அழகப்பர் அங்கேயே எழுந்து 1 லட்சம் அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் வகுப்பு தொடங்கிவிட்டது! (இன்றைக்கு ஒரு என்.ஓ.சி. வாங்கவே அதைவிட அதிக நாள் ஆகும்.)

அதே சமயம் சி.எஸ்.ஐ.ஆர். தலைவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் நாடு முழுக்க தேசிய ஆய்வகங்களைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுதான் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம்.

அழகப்பரின் கடைசி வருடங்கள் நோயில் கழிந்தன. 1956-ல் பத்ம பூஷண். 1957 ஏப்ரல் 5-ல், 48-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், இறந்தார்.

சிக்ரியோ அரிப்பு ஆராய்ச்சியில் ஆழமாக இறங்கியது. எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று இந்தியாவுக்கு வரைபடம் போட்டது. மண்டபத்தில் கடல் உப்புக்காற்றில் உலோகத்தைக் காயவிட்டுப் பார்க்கும் சோதனை நிலையம் வைத்தது. கட்டுமானக் கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச்சும் உருவாக்கியது.

கம்பியைச் சோதிக்கும் ‘ஹாஃப் செல்’ முறை மட்டும் 1950-களில் கலிஃபோர்னியாவின் ஒரு பாலத்தில் வளர்ந்தது. செய்முறை எளிது. ஓர் இடத்தில் கம்பியைத் தொடும் அளவு சின்னத் துளை போட்டு வோல்ட்மீட்டரின் ஒரு முனையை இணைப்பார்கள். மறுமுனையில் காப்பர் சல்பேட் நிரப்பிய குழாய். அதை ஈரப்படுத்திய கான்கிரீட் மேல் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டே போகணும். அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே போனால், அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு மேலே நின்றால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் இருந்தால் குழப்பம்தான், வேறு சோதனையும் வேணும்.

ஒரு விஷயம்: இது துரு இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னுதான் சொல்லும், கம்பி எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு சொல்லாது. அதனால ஃப்ளாட் பார்க்கும்போது, ரிப்போர்ட் ‘ஓகே’ன்னு யாராவது நீட்டினால், அளவெடுத்த கட்டங்களின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்க. முக்கியமா பாத்ரூமுக்குக் கீழ் சீலிங், பால்கனி, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண் அதில் இருக்கான்னு பாருங்க.