ராம்-லாக் என்ற பெயருக்குள் இருக்கும் நம்ம ஆள்

மேட்லாபில் ஐரேடான் என்று ஒரு கட்டளை உண்டு. பல கோணங்களில் எடுத்த நிழல்களைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பொருளின் குறுக்குவெட்டுப் படத்தைத் திருப்பித் தரும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் வடிகட்டியின் பெயர் ராம்-லாக். ஏதோ வெள்ளைக்காரர் பெயர் என்றே பல பேர் நினைச்சிட்டிருக்காங்க. ராம் என்பது ஜி.என். ராமச்சந்திரன். லாக், அவருடன் வேலை பார்த்த ஏ.வி. லட்சுமிநாராயணன்.

புஜைராவில் எங்க பிளாட்டில் இவர் பேச்சை எடுத்தால் சண்டைதான். 1922-ல் பிறந்தது எர்ணாகுளம், அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். அதனால் மலையாளி நண்பர் விடமாட்டார். இனிஷியலில் முதலில் நிற்கும் ஜி, நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரம் என்று நானும் விடமாட்டேன். பிறந்த ஊர் ஒன்று, பூர்வீகம் ஒன்று. வளைகுடாவில் வளரும் நம்ம பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது மின்பொறியியலுக்கு. சர் சி.வி. ராமன்தான் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ். 1952-ல், முப்பது வயதைத் தொடும்போதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர். அங்கிருந்துதான் 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜனின் முப்புரி வடிவம் வந்தது. 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் போட்ட ராமச்சந்திரன் வரைபடம் இன்று உலகம் முழுக்க பயோகெமிஸ்ட்ரி பாடம்.

எனக்குப் பிடித்தது 1971-ல் வந்த கட்டுரை. நிழல்களை வந்த வழியே அப்படியே திருப்பிப் பூசினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நட்சத்திரம் போல மங்கல் படரும். அதைச் சரிசெய்ய அப்போது ஃபூரியர் கணக்கு போட்டார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது பெரிய சுமை. இவர்கள் இருவரும், பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் சில எண்களால் பெருக்கிக் கூட்டினால் போதும் என்று காட்டினார்கள். நடுவில் ஒரு கூட்டல் எண், இருபுறமும் கழித்தல் எண்கள், அதிலும் ஒன்று விட்டு ஒன்று பூஜ்யம். பாதிப் பெருக்கல் அப்படியே மிச்சம்! வேகமும் கூடியது, துல்லியமும் கூடியது. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதே மாதிரி வழியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிடி ஸ்கேனுக்கு மட்டுமில்லை. மூளையில் எந்த இடம் சர்க்கரையை அதிகம் எரிக்கிறது என்று காட்டும் பெட், ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட், இரண்டும் இந்தக் கணக்கில்தான் வளர்ந்தன. (ஃபங்ஷனல் எம்ஆர்ஐ வேறு ரூட்.) ஒரு சிக்கலும் உண்டு. இந்த வடிகட்டி நுணுக்கமான விவரத்தோடு இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். மூளை ஸ்கேனில் கிடைக்கும் கதிர்களின் எண்ணிக்கை குறைவு, அதனால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதை அடக்க ஹான், பட்டர்வொர்த் என்று மேலே இன்னொன்றைப் போடுவார்கள். ரொம்ப அடக்கினால் சின்னப் பாதிப்பு கண்ணில் படாமல் போகும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தும் முறைக்கு மாறிவிட்டன. ஆனாலும் புது முறை எதுவும் பழைய இந்த முறையோடுதான் ஒப்பிடப்படுகிறது.

1979-ல் சிடிக்கான நோபல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போனது. அதில் ராமச்சந்திரனுக்கு அநியாயம் நடந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். நான் அப்படி நினைக்கவில்லை, அவர்கள் இருவரின் வேலையும் இதற்கு முந்தியது. நோபல் தர வேண்டியிருந்தது என்றால் அது கொலாஜனுக்கும் வரைபடத்துக்கும்தான். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் படிகவியலின் ஈவால்ட் பரிசு, இவை வந்தன.

கடைசி வருடங்களில் அவரைப் பிடித்தது பார்க்கின்சன் நோய். கை நடுக்கம் அதனால்தானா, வேறு காரணமா என்ற சந்தேகம் வரும்போது இன்றைக்கு டாக்டர்கள் மூளைக்கு ஸ்பெக்ட் எடுக்கச் சொல்வதுண்டு. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் இறந்தார், வயது 78.