ஊறுகாயைச் சோதித்தவர் வைரஸை மடக்கினார்: யார் இந்த கெர்ட்ரூட் எலியான்?

அம்மை போட்டாலும் சரி, அக்கி வந்தாலும் சரி, டாக்டர் எழுதிக்கொடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை பலருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருந்த பெண்ணைத்தான் தெரியாது.

கெர்ட்ரூட் எலியான் 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயதில், ரொம்பப் பிரியமான தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வேதியியல் படிப்பது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார். 1937-ல் ஹன்டர் கல்லூரியில் பட்டம். ஆனால் மேற்படிப்பு உதவித்தொகைக்கு 15 இடங்களில் விண்ணப்பித்தும் ஒன்றுகூட கிடைக்கவில்லை. பெண் ஒருத்தி லேபில் இருந்தால் மற்றவர்களுக்குக் கவனம் சிதறும் என்றுகூட ஒரு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். 1941-ல் திருமணம் செய்துகொள்ள இருந்தவர் இதயத்தில் ஏற்பட்ட பாக்டீரியா தொற்றால் இறந்துபோனார். பெனிசிலின் புழக்கத்துக்கு வராத நேரம் அது. எலியான் கடைசிவரை திருமணமே செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போனதால்தான் லேப் கதவுகள் திறந்தன. முதலில் ஒரு மளிகை நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை. 1944-ல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில், ஜார்ஜ் ஹிச்சிங்ஸிடம் சேர்ந்தார். மாலை நேரத்தில் பிஎச்.டி. முழுநேரமாகப் படி, இல்லையென்றால் விட்டுவிடு என்று கல்லூரி சொன்னதும், படிப்பை விட்டார். (அதே கல்லூரி 1989-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதுவும் நோபல் வாங்கிய பிறகு!) அவர் உருவாக்கிய 6-மெர்காப்டோப்யூரின், 1953-ல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கான மருந்தாக வந்தது.

வைரஸ் விஷயம் இதைவிடச் சிக்கல். வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. அதைக் கொல்லப்போய் செல்லையும் கொன்றுவிட்டால்? அதனால் வைரஸ் மருந்து சாத்தியமே இல்லை என்று நினைத்தவர்கள் நிறைய. அசைக்ளோவிர் மூலக்கூறைக் கண்டுபிடித்தது சக விஞ்ஞானி ஹோவர்ட் ஷேஃபர். அது எப்படி வேலை செய்கிறது என்று துருவியது எலியான் குழு.

ஆரோக்கியமான செல்லில் அசைக்ளோவிர் கிட்டத்தட்ட சும்மாவே கிடக்கும். ஹெர்பீஸ் வைரஸின் சொந்த நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால்தான் விழித்துக்கொள்ளும். மீதி இரண்டு பாஸ்பேட்டை நம் செல்லே ஒட்டிவிடும். பிறகு வைரஸ் தன் டிஎன்ஏவைக் கட்டும்போது, சரியான செங்கல் என்று ஏமாந்து இதைச் சேர்க்கும். பின்பக்கக் கொக்கி இல்லாத ரயில் பெட்டி மாதிரி, அதற்கு மேல் எதையும் மாட்ட முடியாது. கட்டுமானம் அங்கேயே நின்றுவிடும். 1978-ல் உலகுக்குச் சொன்னார்கள்.

1983-ல் ஓய்வு. 1988-ல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக்குடன் நோபல் பரிசு. 1999-ல் காலமானார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு ஆய்வாளர்கள் இன்னொரு வழியையும் பார்த்தார்கள். ஹெர்பீஸ் வைரஸின் வேறொரு நொதி, இரண்டு வகைப் புரதங்கள் ஜோடி சேர்ந்தால்தான் இயங்கும். அந்த ஜோடியைச் சேரவிடாமல் ஒரு குட்டி பெப்டைடு தடுக்கும் என்று 1986-ல் காட்டினார்கள். பிற்பாடு வந்த அதே ரக மூலக்கூறு ஒன்று, அசைக்ளோவிரின் வேகத்தைக் கூட்டுவதையும் ஆய்வகத்தில் பார்த்தார்கள்.