பத்தொன்பது வயதில் போட்ட கணக்கு

1930ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் சென்னை இளைஞர் ஒருவர் அதில் இருந்தார். வயது 19, பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கடற்பயணத்தின்போது அவர் தாளும் எழுதுகோலுமாக ஒரு கணக்கில் ஆழ்ந்திருந்தார்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயருக்கு இரயில்வேத் துறையில் பணி. தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். சர் சி. வி. இராமன் அவருடைய சிற்றப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே சந்திரசேகர் ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

கப்பலில் அவர் போட்ட கணக்கு விண்மீன்களின் முடிவைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குறுமீனாகி அடங்கிவிடும் என்றே அறிஞர்கள் அந்நாளில் நம்பினர். ஆனால் சார்பியல் கொள்கையைப் பொருத்திப் பார்த்தபோது, அதற்கு ஓர் எல்லை இருப்பது தெரிந்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறை இருந்தால் வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது. அது மேலும் சுருங்கியே தீரும். இதுவே இன்று சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது.

1935 சனவரி 11 அன்று இலண்டன் வானியல் கழகத்தில் அவர் இதனை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அக்காலத்து வானியலாளருள் தலையாயவர். அவர் அக்கருத்தை எள்ளி நகையாட, அவையும் சிரித்தது. தனியே சந்திரசேகரின் பக்கம் நியாயம் கண்ட இயற்பியலார் சிலரும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினர். அந்த 24 வயது இளைஞருக்கு அது ஆறாத புண்ணாகியிருக்கலாம். அவரோ எடிங்டனிடம் கொண்ட மதிப்பைக் கைவிடவில்லை. தம் முடிவுகளையெல்லாம் 1939இல் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு, வேறு ஆய்வுக்குச் சென்றார்.

இதற்கிடையே 1936இல் தாயகம் வந்து, தம்முடன் மாநிலக் கல்லூரியில் பயின்ற லலிதாவை மணந்தார். லலிதா அதற்குமுன் பெங்களூரில் இராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். மறு ஆண்டு சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அறிவிப்பு வந்த நாள் அவருடைய 73ஆம் பிறந்தநாள்.

1987 பிப்ரவரி 23 அன்று அண்டை விண்மீன் கூட்டம் ஒன்றில் விண்மீன் ஒன்று வெடித்த செய்தி பூமியை எட்டியது. எல்லையை மீறிய அதன் நடுப்பகுதி நொடிப்பொழுதில் இடிந்து விழுந்திருந்தது. முதலில் வந்தவை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள். அவை எதையும் ஊடுருவிச் செல்லும். ஆகவே பிற கதிர்கள் எட்டாத ஆழத்தில்தான் அவற்றைத் தேட வேண்டும். சப்பானியச் சுரங்கம் ஒன்றில் 11 துகள்களும் அமெரிக்கச் சுரங்கம் ஒன்றில் 8 துகள்களும் சிக்கின. வெடிப்பின் ஒளி சில மணி நேரம் கழித்தே வந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்திலும், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965இலேயே நியூட்ரினோக்கள் பதிவாயின என்பது இங்கே நினைக்கத்தக்கது. அவை விண்மீன் வெடிப்பில் அல்ல, நம் காற்று மண்டலத்தில் பிறந்தவை.

விண்மீன் இடிந்து விழும்போது வெளியே அதிர்ந்து, ஈர்ப்பு அலைகள் எழும். 2015இல் இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த அலை முதன்முதலாகப் பிடிபட்டது. வெடிக்கும் விண்மீனிலிருந்து வரும் அலை இன்னும் கிட்டவில்லை, அறிவியலார் காத்திருக்கின்றனர். கருந்துளைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய சந்திரசேகர் இதனைக் காணாமலே 1995இல் சிகாகோவில் மறைந்தார்.

லடாக்கின் ஆன்லே மலையில், 4,500 மீட்டர் உயரத்தில், அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. வெடிக்கும் விண்மீன்களையும் அது நோக்குகிறது. அதனை இயக்குவோர் இருப்பது மலையில் அன்று. பெங்களூருக்கு அருகே ஓசகோட்டையில். அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக இரவுதோறும் அதனைத் திருப்புகின்றனர்.