கயத்தாறில் ஒரு நிமிஷம்



நம் காலத்தில் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், கயத்தாறு வந்ததும் எவனாவது எழுந்து 1959-ஆம் வருஷத்து சினிமா வசனத்தை எடுத்து விடுவான். வசனம் தெரிந்த அளவுக்கு அந்த மனுஷனைப் பற்றி நமக்குத் தெரியாது.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1760-இல் பிறந்தார். 1790-இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஆனார். இரண்டே வருஷம்தான். 1792 உடன்படிக்கையில் ஆற்காட்டு நவாப், பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். வியாபாரத்துக்கு வந்தவன் ஒரே கையெழுத்தில் நம் கரிசல் காட்டுக்கு எஜமான் ஆகிவிட்டான். இதுவோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கப்பம் எங்கிருந்து வரும்?

1798-இல் கப்பப் பாக்கிக்காகக் கலெக்டர் ஜாக்சன் அழைத்தார். ஊர் ஊராக அலையவிட்டு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பேட்டி தந்தார். அது கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். விசாரணையில் பிள்ளை விடுதலையானார். ஜாக்சனுக்குப் பதவி போனது. ஆனாலும் பகை தீரவில்லை.

1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். வெறும் மண் கோட்டைதான், ஆனால் முதல் தாக்குதலைத் தாங்கி நின்றது. கட்டுமானத் தொழிலில் இருக்கும் எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான். கூடுதல் படை வந்ததும் கட்டபொம்மன் வெளியேறினார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16-இல், மற்றப் பாளையக்காரர்களின் கண்ணெதிரே, கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். வயது 39. கிட்டத்தட்ட நம்ம வயசு!

தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையைத் திரும்பக் கட்டினார். மே மாதம் அதுவும் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் அவரையும் தூக்கிலிட்டார்கள். கோட்டை தரைமட்டமாயிற்று. இன்று நாம் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை.

ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். பானர்மேனின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். எட்டயபுரத்து ஆட்களும் துணை நின்றார்கள். பின்னால் 1824-இல் பர்மாவைப் பிடிக்கப் போன கம்பெனிக் கப்பல்களில் ஏறியதும் மதராஸ் சிப்பாய்கள்தான். நம்மை அடக்கிய படையில் நம் ஆளே இருந்தான். அடுத்தவன் நாட்டை அடக்கப் போனவனும் அவனே. துரோகிக்கு ஒரு பெயர் வைத்துத் திட்டுவது சுலபம். பக்கத்துப் பாளையத்தோடு பகை வளர்த்தால் லாபம் யாருக்கு என்று கேட்பதுதான் கஷ்டம்.

தம்பிகளே, அடுத்த தடவை கயத்தாறில் இறங்கி ஒரு நிமிஷம் நில்லுங்கள். வசனம் வேண்டாம், சும்மா நின்றாலே போதும்.