நடுங்கிய கை, நடுங்காத குரல்

ஒருவர் கை நடுங்கினால் குடிப்பழக்கம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இல்லாவிட்டால் பயம் என்கிறோம். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட வந்த ஒரு பெரியவரைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன். சாமுவேல் ஆடம்ஸின் வரலாற்றைப் படித்த பிறகு வெட்கமாகிவிட்டது.

அமெரிக்க விடுதலைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஆடம்ஸ். 1722-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை வழி வந்த தொழில் நொடித்தது. வரி வசூல் வேலையிலும் பாக்கி விழுந்தது. எழுத்துதான் அவருக்குக் கைகொடுத்தது. பிரிட்டிஷார் விதித்த வரிகளை எதிர்த்துப் புனைபெயர்களில் எழுதிக் குவித்தார். அந்தக் கைதான் நாற்பது வயதுக்கு மேல் நடுங்கத் தொடங்கியது.

1770 மார்ச் 5-ந் தேதி பாஸ்டனில் சிப்பாய்கள் சுட்டதில் 5 பேர் மாண்டனர். மறுநாள் ஊர்மக்கள் சார்பில் ஆடம்ஸ், பொறுப்பு கவர்னர் ஹட்சின்சனைச் சந்தித்தார். இரண்டு பட்டாளங்களில் ஒன்றை மட்டும் வெளியேற்றலாம் என்றார் கவர்னர். ஆடம்ஸ் எழுந்து கையை நீட்டினார். ஒன்றை அனுப்ப அதிகாரம் இருந்தால் இரண்டையும் அனுப்பலாமே என்று மடக்கினார். நீட்டிய கை நடுங்கியது. குரலோ உறுதியாக இருந்தது என்று உறவினர் ஜான் ஆடம்ஸ் பின்னாளில் எழுதி வைத்தார். இரண்டு பட்டாளங்களும் ஊரை விட்டு வெளியேறின.

1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. நம் நாட்டைப் பிடித்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான்! அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் ஆடம்ஸ். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் அவரும் ஒருவர்.

அன்று வாதம் என்றார்கள். 'எசென்ஷியல் ட்ரெமர்' என்பது இன்றைய நரம்பு மருத்துவர்கள் கருத்து. இதில் கை சும்மா மடியில் கிடக்கும்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். பேனா பிடித்தால், டம்ளரைத் தூக்கினால் ஆடும். பதற்றமும் காப்பியும் அதைக் கூட்டும். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். பார்க்கின்சன் நோய் வேறு. அதில் கை சும்மா இருக்கும்போதுதான் பெரும்பாலும் நடுக்கம். பிராப்ரனலால், பிரிமிடோன் மாத்திரைகள் பலருக்கு நடுக்கத்தைக் குறைக்கின்றன. டாக்டர் சொல்லாமல் வாங்கக் கூடாது. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பிராப்ரனலால் ஆகாது.

ஆடம்ஸ் காலத்தில் இந்த மருந்துகள் ஏது? 1794 முதல் 1797 வரை மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்தார். முதுமையில் எழுதவே முடியாமல் போயிற்று. அவர் சொல்லச் சொல்லப் பிறர் கடிதம் எழுதினர். 1803 அக்டோபர் 2-ந் தேதி, 81-வது வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.