கிரே அவுல்

கிரே அவுல் (செப்டம்பர் 18, 1888 – ஏப்ரல் 13, 1938) கனடாவில் வாழ்ந்த எழுத்தாளரும் காட்டுயிர்ப் பாதுகாவலரும் ஆவார். இப்பெயர் சாம்பல் நிற ஆந்தை எனப் பொருள்படும். இவரது இயற்பெயர் ஆர்ச்சிபால்ட் ஸ்டான்ஸ்ஃபெல்ட் பெலேனி. சஸ்காச்சுவான் மாகாணத்தில், சாலை எட்டாத அஜவான் ஏரியின் கரையில் மரக்குடில் அமைத்து, பீவர்களுடன் வாழ்ந்தவராக 1930களில் உலகப் புகழ் பெற்றார். தம்மை அமெரிக்கத் தொல்குடித் தாய்க்குப் பிறந்தவர் எனக் கூறிவந்த இவர், உண்மையில் ஓர் ஆங்கிலேயர் என்பது இவருடைய இறப்பிற்குப் பின்னரே பரவலாகத் தெரியவந்தது.

இளமை

பெலேனி இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோரின் அரவணைப்பு கிட்டாத இவரைத் தந்தையின் தாயும் இரு அத்தைமாரும் வளர்த்தனர். வட அமெரிக்கத் தொல்குடியினர் பற்றிய நூல்களில் சிறுவயதிலேயே ஈடுபாடு கொண்டிருந்த இவர், 1906 ஆம் ஆண்டில் கனடாவுக்குக் கப்பலேறினார். ஒன்ராறியோவின் டெமகாமிப் பகுதியில் ஓஜிப்வே மக்களிடம் பொறி வைத்து விலங்கு பிடிக்கவும் சிறுபடகு செலுத்தவும் கற்றுக்கொண்டார். 1910 இல் அம்மக்களைச் சேர்ந்த ஆஞ்செல் எகுவுனாவை மணந்தார். சில ஆண்டுகளிலேயே மனைவியையும் மகளையும் விட்டு நீங்கினார். முதல் உலகப் போரில் கனடியப் படையில் குறிபார்த்துச் சுடும் வீரராகப் பணியாற்றிக் காலில் காயமுற்றார். முதல் திருமணம் முறிக்கப்படாத நிலையிலேயே 1917 இல் இங்கிலாந்தில் மற்றொரு பெண்ணை மணந்து, அவரையும் விட்டுக் கனடா திரும்பினார்.

பீவர்களும் மனமாற்றமும்

மரங்களைக் கடித்து வீழ்த்தி ஓடைகளில் அணை கட்டும் கொறிணியே பீவர். அதன் மென்மயிர்த் தோலுக்காக நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்டதால், அக்காலத்தில் கனடாவின் பல பகுதிகளில் அது அரிதாகிவிட்டது. அதைப் பிடித்து விற்றே பெலேனியும் பிழைத்தார். 1925 இல் இவர் சந்தித்த அனகாரியோ (இயற்பெயர் கெர்ட்ரூட் பெர்னார்ட்) என்னும் மோகாக் இனப் பெண்ணே இவருடைய வாழ்வைத் திருப்பியவர். பொறியில் துடிக்கும் விலங்குகளைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. 1928 இல் தாயை இழந்த இரண்டு பீவர்க் குட்டிகளை, அனகாரியோவின் வற்புறுத்தலால், கொல்லாமல் எடுத்து வளர்த்தனர். மனிதரோடு இயல்பாகப் பழகிய அக்குட்டிகளைக் கண்ட பின்னர் பெலேனி பீவர் வேட்டையைக் கைவிட்டார். இவருடைய பெயரில் சேர்ந்த புகழில் அனகாரியோவுக்கு உரிய பங்கு நெடுங்காலம் போதிய அளவு பேசப்படவில்லை.

அஜவான் ஏரிக் குடில்

இவருடைய கட்டுரைகளைக் கண்ட கனடியப் பூங்காத் துறை, 1931 இல் இவரைப் பணியில் அமர்த்தியது. முதலில் அனுப்பப்பட்ட மனிட்டோபாவின் ரைடிங் மவுண்டன் பூங்காவில் நீர்நிலை பீவர்களுக்கு ஏற்றதாக அமையவில்லை. எனவே அவ்வாண்டே இளவரசர் ஆல்பர்ட் தேசியப் பூங்காவிலுள்ள அஜவான் ஏரிக்கு மாற்றப்பட்டார்.

நீர் விளிம்பை ஒட்டிக் கட்டப்பட்ட இக்குடில் ஒரே அறை கொண்டது. தரையின் ஒரு பகுதி திறந்து விடப்பட்டு, அதன் வழியே பீவர்கள் ஏரியிலிருந்து நேராக உள்ளே வந்துபோயின. ஜெல்லி ரோல், ராஹைட் என்னும் பீவர் இணை, சுள்ளிகளையும் சேற்றையும் கொணர்ந்து குடிலுக்குள்ளேயே தம் கூட்டின் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டது. அதாவது வீட்டின் உரிமையாளர் யார் என்பதில் பீவர்களுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. 1932 இல் பிறந்த மகள் டான், அனகாரியோ, விருந்தினர் ஆகியோருக்காகச் சற்று மேட்டில் இரண்டாவது குடில் எழுந்தது. பீவர்கள் இரவில் நடமாடுபவை. ஆகவே கிரே அவுலும் இரவில் விழித்தே எழுதினார். சிறுவர் நூலான 'சாஜோவும் அவளது பீவர் மக்களும்' (1935) உள்ளிட்ட படைப்புகள் இக்காலத்தில் வெளிவந்தன.

புகழும் மறைவும்

தோலாடையும் நீண்ட சடையுமாக இவர் பிரித்தானியாவில் இருமுறை சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டார். 1937 டிசம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் குடும்பத்தினர் முன் உரையாற்றினார். ஓய்வற்ற பயணமும் மதுப்பழக்கமும் உடல்நலத்தைக் குலைத்தன. அனகாரியோவும் 1936 இல் பிரிந்து சென்றிருந்தார். ஊர் திரும்பிய சில நாட்களில், 1938 ஏப்ரலில், நுரையீரல் அழற்சியால் இறந்தார்.

நார்த் பே நகரச் செய்தித்தாள் ஒன்று இவருடைய பிறப்பு பற்றிய உண்மையை 1935 இலேயே அறிந்தும் வெளியிடாதிருந்தது, இறந்தவுடன் வெளியிட்டது. மதிப்புச் சரிந்தது. பின்னர் சூழலியல் இயக்கங்கள் வளர்ந்தபோது இவருடைய நூல்கள் மீண்டும் படிக்கப்பட்டன. தொல்குடியினரின் அடையாளத்தைப் பிறர் சூடிக்கொள்வது குறித்த விவாதங்களிலும் இவருடைய பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறி மற்றதை விடுவது இவரைப் பாதியாகக் கூறுவதாகும். சிறுவயதில் லெஸ்டரில் இவருடைய உரையைக் கேட்ட ரிச்சர்ட் அட்டன்பரோ, 1999 இல் இவருடைய வாழ்வைத் திரைப்படமாக்கினார்.

குடிலுக்குச் செல்லும் வழி

இரு குடில்களும் பூங்கா நிருவாகத்தால் நெடுங்காலம் பேணப்பட்டு வந்தன. கிங்ஸ்மியர் ஏரியை ஒட்டிய பாதையில் ஒருவழி மட்டும் ஏறத்தாழ 20 கி.மீ. நடக்க வேண்டியிருந்தது, ஏரியைப் படகில் கடந்து எஞ்சிய தொலைவை நடந்தோரும் உண்டு. குடில்களுக்குள் சென்று பார்க்க முடிந்தது, ஆனால் இரவு தங்க இயலவில்லை. கிங்ஸ்மியரின் வடகரையிலிருந்த கூடார இடத்தில் தங்குவது வழக்கமாக இருந்தது. குடிலுக்கு அருகே கிரே அவுல் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மகள் டானும், 1986 இல் மறைந்த அனகாரியோவும் அங்கேயே அவருக்கருகில் உள்ளனர்.